ஆபார் தா அளந்த இதயங்கள்

உலகத்தில் எத்தனையோ சந்தேகப் பிராணிகளைப் பார்த்திருக்கிறேன். கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்க்கும் என் கணவர் அதில் ஒருவர். ஆனால் கொல்கத்தாவில் நான் பழகிய ஆபார் தாவுக்கு முன்னால் இவர்கள் எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு காலம் தள்ளுகிறவர்கள். ஸ்கேலை நம்ப மாட்டார், தராசை நம்ப மாட்டார், கடிகாரத்தை நம்ப மாட்டார். எல்லாவற்றுக்கும் மேலே, தான் நேற்று அளந்து தன் கையால் எழுதி வைத்ததை இன்றைக்கு நம்ப மாட்டார். இப்படி ஒரு மனிதரோடு மூன்று வருஷம் ஒரே அறையில் வேலை பார்த்துவிட்டுப் புத்தி பேதலிக்காமல் ஊர் திரும்பியிருக்கிறேன் என்பதை என் வாழ்நாள் சாதனையாகவே நினைக்கிறேன்.

வங்காளத்தில் ‘ஆபார்’ என்றால் ‘மறுபடியும்’. ‘தா’ என்பது அண்ணன் என்று அர்த்தப்படும் தாதாவின் வால். யார் எதை அளந்து கொண்டுபோய்க் காட்டினாலும் அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் ‘ஆபார்’ என்பதால், ஆபார் தா. தாய் தகப்பன் வைத்த பெயர் ஆபீஸ் ரெஜிஸ்டரில் எங்கோ இருந்திருக்கும். தேடிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. அவரே டெலிபோனை எடுத்து “ஆபார் தா பேசறேன்” என்றுதான் சொல்லுவார்.

ஆள் தமிழர்தான். அப்பா ஆற்காட்டுப் பக்கமிருந்து ரயில்வே உத்தியோகத்துக்காகக் கொல்கத்தாவின் கார்டன் ரீச்சுக்கு வந்தவர். மகன் அங்கேயே பிறந்து, வங்காளப் பள்ளிக்கூடத்தில் படித்து, வீட்டுக்குள் மட்டும் தமிழ் பேசி வளர்ந்தவர். பேச்சு சுத்த ஆற்காட்டுத் தமிழ். எழுதச் சொன்னால் தமிழில் தன் பெயரைக்கூட எழுத வராது. எண்கள் முழுக்க வங்காளம். இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளாமல்தான் மாட்டிக்கொண்டேன்.

எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் திசு வெட்டும் டெக்னீஷியன். எலியின் இதயத்தை மெழுகில் புதைத்துக் கட்டியாக்கி, அந்தக் கட்டியை மெஷினில் பொருத்தி மெல்லிய சீவலாக வெட்டுவார். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். சீவல்களின் தடிமனெல்லாம் அந்தக் கணக்கில்தான். அதைக் கண்ணாடியில் ஒட்டிச் சாயம் ஏற்றினால் இதயத்தின் தசை சிவப்பாகவும், நோயால் விழுந்த வடு நீலமாகவும் தெரியும். மைக்ராஸ்கோப்பில் பார்த்து நீலம் எவ்வளவு என்று அளக்க வேண்டியது என் வேலை.

நான் திருநெல்வேலிப் பக்கம் கால்நடை மருத்துவம் படித்துவிட்டு, கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். நாற்பத்தொரு வயதில், மூன்று வருஷம் படிப்பு விடுப்பு வாங்கிக்கொண்டு, டாக்டர் பட்டம் வாங்கியே தீருவது என்று கணவரையும் இரண்டு பிள்ளைகளையும் விட்டுவிட்டுக் கொல்கத்தா வந்தேன். விடுப்பு முடிவதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இல்லையென்றால் பட்டம் இல்லாமல் ஊர் திரும்பி, “என்ன மேடம், சும்மா ஊர் சுத்திப் பாத்துட்டு வந்தியளா?” என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இதய நோய் வந்த எலிகளில் பாதிக்கு ஒரு மருந்தைக் கொடுத்து, வடு குறைகிறதா என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. ஆபார் தா என்னைவிட இரண்டு வயது சின்னவர். அவர் என்னை டாக்டரம்மா என்பார். நான் தம்பி என்பேன்.

முதல் வாரமே ஒரு இதயத்தை அளந்து, எண்ணை அழகாகத் தாளில் எழுதி, பெருமையோடு அவரிடம் நீட்டினேன்.

“எத்தினி தபா பாத்தீங்க டாக்டரம்மா?”

“ஒரு தடவைதான் தம்பி. நல்லாத்தான் பாத்தேன்.”

“அப்ப இது அளவு இல்ல. அபிப்பிராயம். ஆபார்.”

எனக்கு வந்த கோபத்தில் அந்தத் தாளைக் கசக்கி எறிந்தேன். மறுநாள் அளந்தபோது வேறு எண் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்துகொண்டு, மூக்குக்குள் சிரித்துக்கொண்டே டீ குடிக்கப் போனார்.

அவருடைய சட்டை ஒன்று தைக்கப்பட்ட கதையை நிலையத்தில் எல்லாரும் சொல்லுவார்கள். கார்டன் ரீச்சுக்குப் பக்கத்துக் கிடர்பூரில் ஒரு டெய்லர். போன உடனே அளவெடுக்க விட மாட்டார் ஆபார் தா. காலையில் வெறும் வயிற்றில் ஒரு தடவை, மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஒரு தடவை, இன்னொரு நாள் சாயங்காலம் ஒரு தடவை. மூன்றையும் கூட்டிச் சராசரி போட்டு அதைத்தான் தைக்க வேண்டும். போதாததற்கு டெய்லரின் டேப்பைத் தன் டேப்போடு சேர்த்துப் பிடித்து, “உங்க டேப்பு இழுத்து இழுத்து நீண்டுபோயிருக்கு” என்று கண்டுபிடித்தார். அந்த டெய்லர், கார்டன் ரீச் கப்பல் தளத்தில் ஒரு கப்பலைக் கட்டித் தண்ணீரில் இறக்கிவிடலாம், ஆபார் தாவுக்குச் சட்டை தைக்க முடியாது என்று சொன்னதாகக் கேள்வி. ஆனால் ஒன்று. அவர் போட்டிருந்த சட்டைகளைப் போல அளவாகப் பொருந்திய சட்டையை நான் வேறு யார் மேலும் பார்த்ததில்லை.

வெட்டிய சீவலை விரிப்பதற்கு வெந்நீர்த் தொட்டி ஒன்று உண்டு. சூடு அதிகமானால் சீவல் அகலமாக விரிந்துவிடும், குறைந்தால் சுருங்கிக் கிடக்கும். இரண்டிலும் அளவு கெட்டுப்போகும். அதனால் தொட்டியில் மூன்று தெர்மாமீட்டர் போட்டிருப்பார். இரண்டு ஒத்துப்போய் ஒன்று மட்டும் மாற்றிச் சொன்னால், அந்த ஒன்றை எடுத்து டிராயரில் போட்டு ஒரு வாரம் பூட்டி வைப்பார். தண்டனை. ஒரு வாரம் கழித்து எடுத்து மறுபடி சோதிப்பார். ஒருநாள் மூன்றும் மூன்று விதமாகச் சொன்னபோது, தொட்டியை அணைத்துவிட்டு, அன்றைக்கு வேலையே இல்லை என்று அறிவித்துவிட்டார்.

நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்க்காரர் மெஸ் வைத்திருந்தார். அங்கே ஒருநாள் வெண்டைக்காய்ப் பொரியலைப் பார்த்ததும் ஆபார் தாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. இரண்டு துண்டை எடுத்து என் இலை ஓரத்தில் வைத்தார். ஒன்று நேராக வெட்டியது, மற்றது சாய்த்து வெட்டியது.

“ஒரே காய்தான். சாய்ச்சி வெட்டினது மட்டும் ஏன் பெர்சா தெரியுது?”

“சாய்ச்சு வெட்டுனா அப்படித்தான தெரியும்.”

“இதயத்துல இருக்கிற தசை நாரும் அப்படித்தான். நீங்க நேத்து ஒரு நாரை அளந்து, வீங்கிப் போயிருக்குன்னு எழுதினீங்க. அது வீங்கல. சாஞ்சி கெடந்துச்சி.”

நான் பொரியலை அப்படியே வைத்துவிட்டுப் போய் அந்தப் பக்கத்தை அடித்துத் திருத்தினேன். மெஸ்காரருக்குத்தான் கஷ்டம். அதற்குப் பிறகு வெண்டைக்காயை நேராக வெட்டச் சொல்லி ஆபார் தா அவர் உயிரை வாங்கினார்.

ஆட்டு இதயம் அவருடைய பயிற்சிக் களம். கிடர்பூர் கறிக்கடையில் வாங்கி, டிபன் கேரியரில் போட்டு பஸ்ஸில் கொண்டுவருவார். ஃபார்மலினில் ஊறப்போட்டால் இதயம் சுருங்கும். எவ்வளவு சுருங்குகிறது என்று தெரியாமல் அளந்தால் தப்பு. அதைத் தெரிந்துகொள்ள, போடுவதற்கு முன்னால், போட்ட மறுநாள், மூன்றாம் நாள் என்று அளந்து வைப்பார். ஒருநாள் எங்கள் ஆபீஸ் கிளார்க் பாபு, தன் கேரியர் என்று நினைத்து இதைத் திறந்துவிட்டார். மேலே மையினால் கோடு போட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் எழுதிய ஒரு முழு இதயம் அவரைப் பார்த்தது. அவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்தார். ஆபார் தா ஓடிவந்து முதலில் பார்த்தது இதயத்தைத்தான், மை அழிந்துவிட்டதா என்று. பாபுவை மற்றவர்கள் தூக்கினார்கள்.

இவ்வளவு தூரம் போனவர் எங்கள் துறைத் தலைவரை விடுவாரா. அவரை நாங்கள் எல்லாரும் சார் என்போம். கம்பீரமான வங்காளி, பெரிய படிப்பாளி. எந்த எலிக்கு மருந்து போனது என்று தெரிந்துகொண்டு அளந்தால், நல்லது நடக்க வேண்டும் என்ற ஆசை கண்ணுக்குள் புகுந்து நீலத்தைக் குறைத்துக் காட்டும் என்பது ஆபார் தாவின் கொள்கை. அதனால் கண்ணாடிகளின் பெயரை எல்லாம் கறுப்புத் தாள் ஒட்டி மறைப்பார். சார் ஒருநாள் சிரித்துக்கொண்டே, இருபது வருஷ அனுபவம் உள்ள கண்ணுக்கு இதெல்லாம் தேவையில்லை என்றார். ஆபார் தா தலையாட்டினார். மறுநாள் சாரிடம் ஒவ்வொரு கண்ணாடியாகப் பத்துத் தடவை கொடுத்து வாங்கி அளக்கச் சொன்னார். அளந்து முடித்ததும் கறுப்புத் தாள்களைப் பிரித்துக் காட்டினார். மூன்றாவது கொடுத்ததும் எட்டாவது கொடுத்ததும் ஒரே கண்ணாடி. சார் அதற்கு இரண்டு எண் எழுதியிருந்தார், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல்.

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு எல்லாருக்கும் டீ சொன்னார். அன்றிலிருந்து கறுப்புத் தாள் சட்டமாகிவிட்டது.

இனி என் கதைக்கு வருகிறேன். மூன்றாவது வருஷம், விடுப்பு முடிய நான்கு மாதம் இருக்கும்போது, கடைசித் தொகுதி இதயங்கள் மெழுகுக் கட்டியாக வரிசையில் நின்றன. மருந்து கொடுத்த எலி, கொடுக்காத எலி இரண்டையும் கலந்துதான் வெட்ட வேண்டும் என்பார் ஆபார் தா. சாருக்கு அவசரம். மருந்து வேலை செய்ததா என்று உடனே பார்க்க வேண்டும், அதனால் மருந்து கொடுத்ததையெல்லாம் முதலில் வெட்டு என்றார். ஆபார் தா முணுமுணுத்துக்கொண்டே வெட்டினார். அவை முடிந்த அன்று கரக்பூரிலிருந்து போன் வந்தது. தாய் வீட்டுக்குப் பிரசவத்துக்குப் போயிருந்த அவர் மனைவிக்கு வலி எடுத்துவிட்டது.

மெஷினில் கைவைக்க யாரையும் விடாத மனிதர், அன்றைக்கு வேறு வழி இல்லாமல் என்னைக் கூப்பிட்டார். இரண்டு வருஷத்துக்கு மேல் பக்கத்தில் நின்று பார்த்தவள்தானே. ஒரு துண்டுச் சீட்டில் அவசரமாக ஏதோ எழுதிக் கொடுத்துவிட்டு ரயிலுக்கு ஓடினார். சீட்டில் ஆங்கில எழுத்தில் ‘மீதி பிளாக் எல்லாம்’ என்று இருந்தது. பக்கத்தில் ஒரே ஒரு எண். பளிச்சென்று எட்டு.

அதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அவருடைய நோட்டிலும் எல்லா இடத்திலும் எட்டு என்றுதான் இருந்தது. நோட்டைப் பார்த்து என் ஆய்வேட்டிலும் ‘எட்டு மைக்ரான் தடிமன்’ என்று முன்பே எழுதியிருந்தேன். வேலை முடிந்ததும் மெஷினின் தடிமன் திருகைப் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பது அவர் வழக்கம். அதை எட்டில் வைத்தேன். மருந்து கொடுக்காத எலிகளின் இதயங்களை எல்லாம் வெட்டி, சாயம் ஏற்றி, அளந்தேன். கறுப்புத் தாள் ஒட்ட ஆள் இல்லாததால் ஒட்டாமலே அளந்தேன் என்பதையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முடிவைப் பார்த்ததும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். மருந்து கொடுக்காத இதயங்களில் நீலம் நீலமாக வடு. மருந்து கொடுத்தவற்றில் அதில் பாதிதான். பாதி என்றால் சாதாரணமா? சார் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய மாநாட்டில் இதைப் பற்றிப் பேசப் பெயர் கொடுத்தார். நிலையம் முழுக்க சந்தேஷ் இனிப்பு வழங்கினார். நான் ஊருக்குப் போன் செய்து கணவரிடம், “இந்தா முடிஞ்சுட்டு, அடுத்த மாசமே வந்துருதேன்” என்றேன். பிள்ளைகள் பின்னால் நின்று சத்தம் போட்டது கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து ஆபார் தா வந்தார். பெண் குழந்தை. நர்ஸ் எடை போட்டுச் சொன்னதும் தகப்பன் செய்த முதல் காரியம், ‘ஆபார்’ என்றது. இரண்டாம் தடவை போட்டார்களாம். மூன்றாம் தடவை கேட்டபோது மாமியார் அவரை அறைக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார். “ரெண்டு அளவுதான் கெடச்சுது” என்று அதை வருத்தத்தோடுதான் சொன்னார்.

என் முடிவைக் காட்டினேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன். தாளை மேலும் கீழும் பார்த்தார். கண்ணாடிகளைக் கேட்டார். எல்லாவற்றின் பெயரையும் மறைத்து, சீட்டுக் குலுக்குவதுபோல் குலுக்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளின் மேல் பரப்பினார். மைக்ராஸ்கோப் பக்கமே போகவில்லை. சும்மா நின்று பார்த்தார். பிறகு விறுவிறுவென்று கண்ணாடிகளை இரண்டு கும்பலாகப் பிரித்தார். பெயரைப் பிரித்துப் பார்த்தால் ஒரு கும்பல் முழுக்க மருந்து, மற்றது முழுக்க மருந்து இல்லாதது.

“பாத்தியளா தம்பி, வெறுங்கண்ணுக்கே தெரியுது. அவ்வளவு நல்ல மருந்து.”

“வடு அதிகமானா நீலம் அதிகமாவணும். இதுல செவப்பும் ஏன் அதிகமா கீது?”

நான் ஒரு கண்ணாடியை எடுத்து ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தேன்.

“மெல்சா ஊத்தின தோசையும் தடியா ஊத்தின தோசையும் ஒரே கலர்லயா இருக்கும்?” என்றவர், ஒரு கண்ணாடியை மைக்ராஸ்கோப்பில் வைத்து, சீவலின் மேல்தளம் தெரியும்வரை ஒரு தடவை, அடித்தளம் தெரியும்வரை ஒரு தடவை மைக்ராஸ்கோப்பின் திருகைத் திருப்பி, அதிலுள்ள கோடுகளை எண்ணினார். “ஏக், துய், தின்” என்று வங்காளத்தில்தான் எண்ணுவார். இரண்டாம் தடவையும் எண்ணினார். மூன்றாம் தடவை எண்ணிவிட்டு நிமிர்ந்தார்.

“இன்னா டாக்டரம்மா, எட்டுல வெட்டிக்கீறீங்க.”

“நீங்கதான எட்டுன்னு எழுதிக் கொடுத்திய.”

“நான் எப்ப எழுதினேன்? நாலு.”

சீட்டைக் கைப்பையிலிருந்து எடுத்து அவர் முன்னால் வைத்தேன். அவர் குனிந்து பார்த்தார்.

“நாலு.”

“எட்டு தம்பி. கண்ணைத் தொறந்து பாருங்க.”

“நாலு.”

தரை துடைத்துக்கொண்டிருந்த மாசியைக் கூப்பிட்டார் ஆபார் தா. எங்கள் துறையைப் பல வருஷமாகச் சுத்தமாக வைத்திருக்கும் வங்காள அம்மாள், எல்லாருக்கும் மாசி, அதாவது சித்தி. சீட்டை அவளிடம் நீட்டி, “எட்டா கொதொ?” என்று கேட்டார். இது எத்தனை என்று அர்த்தம். வங்காளத்தில் ‘எட்டா’ என்றால் ‘இது’ என்று எனக்கும் தெரியும். ஆனால் பயத்தில் இருந்தவள் காதில் ‘எட்டா’ மட்டும்தான் விழுந்தது.

“பாத்தியளா, நீங்களே எட்டுங்கிய” என்றேன்.

மாசி சீட்டைத் தூரப் பிடித்துப் பார்த்துவிட்டு, “சார்” என்றாள்.

சார் வந்துவிட்டார் என்று நினைத்துச் சீட்டைப் பிடுங்கி மேஜைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு வாசலைப் பார்த்தேன். யாரும் இல்லை. மாசி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்து, நான்கு விரலைக் காட்டி, “சார், சார்” என்றாள். வங்காளத்தில் நாலுக்கு அதுதான் பெயர். வங்காளத்து நாலை எழுதினால் நம்ம எட்டு மாதிரியே இருக்கும் என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். நான் இருந்ததோ நியூ டவுன் அடுக்குமாடியில். அங்கே லிப்ட் முதல் பஸ் வரை என் கண்ணில் பட்டது எல்லாம் ஆங்கில எண்தான். தமிழ் பேசுகிற வாயால் வங்காளத்தில் எழுதுகிற ஒருவரும், அதைப் படிக்கத் தெரியாமலே படித்ததாக நினைத்துக்கொள்கிற ஒருத்தியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு என் ஆய்வேடு உதாரணம்.

தடித்த சீவலில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் நீலம் எல்லாம் சேர்ந்து தெரியும். அதனால்தான் மருந்து இல்லாத இதயங்களில் வடு மலைபோல் தெரிந்தது. மருந்தின் பெருமையில் பெரும்பங்கு என் திருகின் பெருமை.

மாசி வாளியை எடுத்துக்கொண்டு போன பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். விடுப்பு முடிய மூன்று மாதம்தான் பாக்கி. சார் பேச்சுக்குப் பெயர் கொடுத்தாகிவிட்டது. சந்தேஷ் சாப்பிட்டாகிவிட்டது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது நியாயம் தர்மம் எதுவும் தோன்றவில்லை. பிள்ளைகள் போட்ட சத்தம்தான் காதில் இருந்தது.

“தம்பி, இது யாருக்கும் தெரியாதே” என்றேன்.

அவர் கோபப்படவில்லை.

“எனக்குத் தெரியுமே டாக்டரம்மா” என்றார், ஏதோ தன் உடம்பில் ஒரு குறை இருப்பதுபோல. “தெரிஞ்சிகினு எப்படி இருக்கிறது?”

அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஏதாவது எதிர்த்துப் பேசியிருப்பேன்.

சாரிடம் போனோம். வாசலிலேயே ஆபார் தா முந்திக்கொண்டு, தன் கையெழுத்தால் வந்த குழப்பம் என்று ஆரம்பித்தார். அவர் பேசி முடிக்கட்டும் என்று நான் நின்றிருந்தால் என் தலை தப்பியிருக்கும். ஒரு நிமிஷம் நிற்கத்தான் செய்தேன். பிறகு, என்னமோ, வாயை மூடிக்கொண்டு இருக்க முடியவில்லை.

“இல்ல சார். கையெழுத்து சரி. படிச்சது நான். கேக்காம வெட்டுனதும் நான். பேரை மறைக்காம அளந்ததும் நான்.”

மறுபடி வெட்டினாலும் அந்த வித்தியாசம் இருக்கத்தானே போகிறது, வீணாக எதற்கு என்றார் சார்.

“இருக்கும்னா வெட்டிப் பாக்கறதுக்கு இன்னா பயம் சார்?” என்றார் ஆபார் தா வங்காளத்தில். சார் மாநாட்டுக்காரர்களுக்குப் போன் போட்டுத் தன் பேச்சை வாபஸ் வாங்கினார்.

வெளியே வந்ததும் ஆபார் தா என்னைத் திட்டினார். “நான்தான் சொல்லிகினு இருக்கேன்ல, நடுவுல பூந்து எதுக்குப் பேசினீங்க? எனக்கு இன்னா, பட்டமா போவப் போவுது?”

“தெரிஞ்சுக்கிட்டு எப்படி சும்மா இருக்கது?” என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நல்ல வேளையாகக் கட்டிகளில் இதயம் இன்னும் மீதி இருந்தது. எல்லாவற்றையும் நாலில் வெட்டினார். அத்தோடு விட்டாரா? ஒவ்வொரு கட்டியிலும் நாலில் ஒன்று, எட்டில் ஒன்று என்று ஜோடி ஜோடியாக வெட்டி, தடிமன் எவ்வளவு பொய் சொல்கிறது என்பதையே அளந்துவிடலாம் என்றார். வரிசை குலுக்கி, பெயர் மறைத்து, ஒவ்வொன்றையும் இரண்டு வெவ்வேறு நாளில் அளந்தோம். நான் கண் எரிந்து கத்திய நாட்கள் உண்டு. கறுப்புத் தாளைக் கிழித்து அவர் மேல் எறிந்த நாளும் ஒன்று உண்டு. அவர் அதைப் பொறுக்கி, மடிப்பை நீவி, அதே இடத்தில் மறுபடி ஒட்டினார்.

பாதியாகக் குறைத்த மருந்து கடைசியில் கொஞ்சமே கொஞ்சம்தான் குறைத்தது. அதிசய மருந்து போய், பரவாயில்லை ரக மருந்தாக நின்றது. ஆனால் அந்தக் கொஞ்சம் எத்தனை தடவை அளந்தாலும் மாறாமல் நின்றது. எட்டும் நாலும் செய்த கூத்தைத் தனி அத்தியாயமாக, என் தப்பையும் சேர்த்து எழுதினேன். விடுப்பு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு ரயில் ஏறினேன்.

சில மாதம் கழித்து வாய்மொழித் தேர்வுக்காக மறுபடி கொல்கத்தா போனேன். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஒல்லியான, சிரிக்கத் தெரியாத மனிதர். என் ஆய்வேட்டை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, ஆங்கிலத்தில் கேட்டார். “இவ்வளவு சின்ன வித்தியாசம். அதிலும் ஒரு தடவை தப்பாக அளந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இந்த எண்ணை நான் ஏன் நம்ப வேண்டும்?”

ஹாலில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பட்டமா, வெறுங்கையா என்பது அந்த ஒரு பதிலில் இருந்தது. எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்த பதில் எல்லாம் எங்கேயோ போய்விட்டது. தண்ணீர் கிளாஸை எடுக்கும் சாக்கில் தலையைத் தூக்கினேன். கடைசி வரிசையில், பொருந்திய சட்டை போட்டுக்கொண்டு, வாயை லேசாகத் திறந்தபடி, ஆபார் தா அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தார்.

ஒரு எண்ணில் துளி சந்தேகம் இருந்தாலும் நாற்காலியில் இருப்புக்கொள்ளாத மனிதர் அவர். எனக்கு அதைவிடப் பெரிய சர்ட்டிபிகேட் வேண்டியிருக்கவில்லை.

“நம்பலாம் சார்” என்றேன். எப்படி வெட்டினோம், எப்படி மறைத்தோம், எத்தனை தடவை அளந்தோம் என்று நிதானமாகச் சொன்னேன். குரல் ஒரு இடத்திலும் நடுங்கவில்லை. தேர்வாளர் அந்த நாலு, எட்டு அத்தியாயத்தைப் புரட்டி, இதைத் தன் மாணவர்களுக்குக் கொடுக்க ஒரு பிரதி கிடைக்குமா என்று கேட்டார். பிறகு எழுந்து வந்து கை கொடுத்தார்.

எல்லாரும் டீக்குப் போய்விட்டார்கள். வீட்டில் குழந்தை தூங்க விடுவதில்லை, அதனால்தான் கண் அசந்துவிட்டது என்று பிற்பாடு ஆபார் தா சாதித்தார். நான் நம்பவில்லை. பட்டம் கிடைத்த செய்தியை முதலில் அவரிடம் சொல்ல வேண்டும் என்று கடைசி வரிசைக்குப் போனேன். பக்கத்தில் போனதும் எழுப்ப மனசு வரவில்லை. சத்தமில்லாமல் அடுத்த நாற்காலியில் உட்கார்ந்து, அவராக விழிக்கும்வரை காத்திருந்தேன்.